சிவப்புக் குளத்துக்கு மறுநாள்

சின்னவளே,

பெப்பு வெந்நீர் ஊற்றுகளுக்கு வந்து மூன்று நாளாகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றார் உன் அப்பா, வந்துவிட்டோம். டாக்டர் சொன்னதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

நேற்று நரகங்களைச் சுற்றிப் பார்த்தோம். கொதிக்கிற குளத்துக்கெல்லாம் நரகம் என்று பேர் வைத்தவன் யாரோ! நீலக் குளம் அத்தனை அழகு. ஆனால் அப்பா சிவப்புக் குளத்தின் முன்னால்தான் வெகுநேரம் நின்றார். ஆவியில் வெந்த முட்டையை உரித்துக் கொடுத்தேன். பாதியை என்னிடமே திருப்பித் தந்துவிட்டார்.

இன்று காலை விடுதியில் கொடுத்த பருத்தி அங்கியோடு சாப்பிட வந்தார். பரிமாறிய ஃபுமியே அம்மாள் பதறிப்போனாள்.

"ஐயையோ, வலப்பக்கத்தை மேல போட்டிருக்கீங்களே! பொணத்துக்குத்தானே இப்படிக் கட்டுவாங்க?"

"பழகிக்க வேணாமா?" என்று சிரித்தார் அப்பா.

நாற்பது வருஷம் கிமோனோ கடை நடத்தின மனுஷன், தெரியாமலா கட்டுவார்? எனக்கு வந்ததே கோபம்! திரைக்குப் பின்னால் இழுத்துப்போய், அவிழ்த்து, இடப்பக்கம் மேலே வரும்படி கட்டிவிட்டேன். இரண்டு சுற்று வருகிற இடுப்புப் பட்டை மூன்று சுற்று வந்தது.

முடித்ததும் பட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "சின்னவ வருவாளா?" என்று கேட்டார். உன் கல்யாணத்துக்குப் பிறகு உன்னைப் பற்றி அவர் வாய் திறந்தது இன்றைக்குத்தான்.

உன்னை அவர் கூப்பிடமாட்டார். நான் கூப்பிடுகிறேன். இடப்பக்கம் மேலே இருக்கும்போதே வந்துவிடு.

உன் அம்மா