உன் சீட்டில் பத்து நிமிடம்

அன்புள்ள அம்முவுக்கு,

நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். உன்மேல் தப்பில்லை. உன் அண்ணனிடம் சொல்லி அனுப்புகிற விஷயமும் இல்லை இது. கோபத்தில் கிழித்துவிடாதே, முழுதும் படி.

நீ சுவரில் இடித்த காரின் நசுங்கலை எடுத்தாயிற்று. டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு மட்டும் அணையவில்லை. ஆக்சிஜன் சென்சாராக இருக்கும் என்றார் மெக்கானிக். புகையில் எவ்வளவு காற்று மிச்சம் என்று பார்த்து, பெட்ரோலைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லும் சாமான் அது. நான்தான் எலெக்ட்ரீஷியன் ஆயிற்றே, ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரோடு வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

இன்ஜின் சூடானதும் மீட்டரில் எண் மேலும் கீழுமாக ஆடவேண்டும். ஆடவில்லை, புகையில் காற்று அதிகம் என்பதுபோல் கீழேயே படுத்துக் கிடந்தது. சென்சார் செத்துவிட்டது, மாற்றினால் தீர்ந்தது என்று சந்தோஷப்பட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று, இன்ஜினுக்குள் காற்று போகும் வாயைத் துணியால் பாதி மூடிப் பார்த்தேன். எண் சட்டென்று ஏறியது. சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது, அம்மு. வெளிக்காற்றுதான் எங்கிருந்தோ உள்ளே போகிறது. டார்ச் அடித்துத் தேடினேன். சென்சாருக்கு மேலே புகைக்குழாயில் விரல் நீளத்துக்கு விரிசல், சுற்றிலும் கரி.

காற்று உள்ளே போனால் புகையும் வெளியே வருமே! கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போட்டு, உன் சீட்டில் உட்கார்ந்தேன். நான் பைக்கில் போகிறவன், அந்தக் காரில் ஏறுவதே அபூர்வம். பத்து நிமிடம்தான். தலை கனத்தது, கண் செருகியது. விழுந்தடித்து இறங்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

அன்று நீ ஸ்டியரிங்கில் கண் அசந்து சுவரில் இடித்ததற்கு, தெருவே கேட்கும்படி கத்தினேன். "எனக்கு என்னவோ பண்ணுது, நம்புங்க" என்று கெஞ்சினாய். மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு ஒயரைக்கூட நான் குறை சொல்வதில்லை. உன் விஷயத்தில் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "குழந்தையை வச்சுக்கிட்டா ஓட்டினீங்க?" என்று கேட்டார். காரை அவரிடமே விட்டுவிட்டேன். நீங்கள் இருவரும் உடனே டாக்டரிடம் போங்கள். புகை வந்த காரில் தினமும் போய்வந்தோம் என்று மறக்காமல் சொல்.

இன்னொன்று. காரில் ஏறினாலே தலை வலிக்கிறது, பள்ளிக்குப் போக மாட்டேன் என்று பாப்பா ஒருநாள் காலை அழுதாள். நடிக்காதே என்று முதுகில் அடித்துவிட்டேன். நீ குளித்துக்கொண்டிருந்தாய். அவள் உன்னிடம் சொல்லவே இல்லை, பார்த்தாயா. அவளை மடியில் உட்காரவைத்து, "நீ சொன்னது நிஜம்தான்னு அப்பா எழுதியிருக்கார்" என்று படித்துக் காட்டு.

வரச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை. நல்ல காற்றில் நன்றாக இருங்கள், இருவரும்.

உன் வீட்டுக்காரன்