தகடுகளுக்கு நடுவில் வார்னிஷ்

11.02.1981
சரீப் தன் பட்டறையில் செய்யும் வெல்டிங் மெசினுக்கு, எத்தனை தகடு, எத்தனை சுற்றுக் கம்பி என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். திருக்கோவில் வேலப்போடியார் தன் மில்லுக்குச் சொல்லிவைத்த மெசின். சூறாவளியில் நாசமான டிரான்ஸ்போமர் ஒன்றின் இரும்புத் தகடுகள் கிடைத்திருக்கின்றன. தகடும் தகடும் தொடக்கூடாது, நடுவில் வார்னிஷ் பூசுங்கள், தொட்டால் இரும்புக்குள்ளேயே கரண்ட் சுற்றிச் சூடேறும் என்றேன். பள்ளிக்கூடத்தில் ஏ.எல். வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைத்தான் படிப்பிக்கிறேன்.

"ஓம் ஓம், ஸுல்பிகா டீச்சர்" என்று சிரித்தார். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும்.

கணக்கு என்னுடையது என்று வெளியில் சொல்ல வேண்டாமாம். கடைத்தெருவில் கேலி பண்ணுவார்களாம். சரி.

27.02
மெசின் ஓடுகிறது. கொஞ்சம் உறுமல். தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடுதான். கரண்டோடு சேர்ந்து இரும்பின் காந்தமும் மாறி மாறிப் புரள்கிறதே, அந்தச் சூடு இருக்கத்தான் செய்யும்.

02.03
உறுமலை நிறுத்துகிறேன் என்று, அடுக்கின தகடுகளின் ஓரமெல்லாம் வெல்ட் அடித்து மூடிவிட்டார்! வார்னிஷ் பூசி என்ன பிரயோசனம்? சொன்னேன்.

"பொத்தகம் வேற, பட்டறை வேற புள்ள."

06.03
வேலப்போடியாருக்கு ஓட்டிக் காட்டினார். வேலை தொடங்குமுன்பே இரும்பு கொதித்தது, கம்பிச்சுருள் புகைந்து கருகியது. என் வாப்பாவும் நின்றார்.

"எண்ட வேலையில பிழை இல்ல. இவள்ட கணக்குத்தான் பிழை" என்றார் சரீப்.

ஓடினால் அவருடைய மெசின், எரிந்தால் என் கணக்கா? வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? வாயையும் வெல்ட் அடிச்சா வெச்சிருந்த?

07.03
சோறு போட்டேன். கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

19.03
வேலப்போடியார் திரும்ப வந்தார். எரிந்த மெசினை மட்டக்களப்பில் காட்டினாராம். கணக்குச் சரி, தகடுகளை ஒட்டினதுதான் கேடு என்றார்களாம்.

"கணக்குப் போட்ட ரீச்சர் இருக்காவா?"

"அவ ஊட்டில இல்ல" என்றார் சரீப், வாசலில் நின்றபடி.

நான் திரைக்குப் பின்னால் நிற்கிறேன். என் வாப்பா எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்த வீட்டில், நான் இல்லையாம். முக்காட்டை இழுத்துவிட்டு வெளியே வந்தேன்.

"இரிக்கன். உள்ளுக்கு வாங்க."

20.03
சரீப் தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

22.04
வேலப்போடியார் என்னிடமே சொல்லிவைத்த, வாப்பாவும் நானும் தகடு தகடாக வார்னிஷ் பூசிய புது மெசின் போன கிழமை திருக்கோவிலுக்குப் போனது. நன்றாக ஓடுகிறதாம்.

இன்று வாப்பா சரீப்பைக் கூப்பிடப் போனார். தனியாகத்தான் திரும்பி வந்தார். என்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்:

"அந்தப் புது மெசின் எரிஞ்சிதா?"