வடிவின் படம் வராத காரணம்

கண்டி
விஷு வருஷம் தை மாதம் பன்னிரண்டாம் தேதி

சுண்டு, என் ராசா, பினாங்கில் இருக்கிற உனக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. நீ கைகால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று கதிரேசன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, அதை மட்டும் எழுதக் கை வரவில்லை அப்பா. நீ கார்த்திகையில் போட்ட கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. அதில் ஐயாவுக்கு எழுதின நாலு வரியில் மூன்று வரி தங்கச்சி படத்தைப் பற்றித்தான். படம் பிடிக்கிற பெட்டி வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆச்சே, ஊரையெல்லாம் படம் பிடிக்கிறவருக்குப் பெற்ற மகளை ஒரு தகட்டில் பிடித்து அனுப்ப நேரமில்லையா என்று கேலியாகக் கேட்டிருந்தாய். ஐயா சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நிறுத்தி, கடிதத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். மகனே, உன் தங்கச்சி வடிவு இப்போது இல்லை. ஐப்பசி அடைமழையில் வந்த காய்ச்சல், ஐந்து நாள் அடித்தது, ஆறாம் நாள் விடியும்போது போய்விட்டாள். அதற்குப் பிறகு எல்லாரும் சுகம் என்று ஐயா உனக்கு எழுதிப் போட்டாரே அது பொய். கடலுக்கு அந்தப் பக்கம் பிள்ளை தனியாக உட்கார்ந்து அழுவானே, கொஞ்ச நாள் போகட்டும் என்றார், நானும் தலையை ஆட்டினேன். இப்போது நீ படம் கேட்கிறாய். படம் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு உன் ஐயாவுக்கே தெரியாத காரணம் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வீட்டுக்காரர் மனைவி சித்தி றலியாவின் அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இரண்டு வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு கடைசி வரை படி.

நீ கப்பல் ஏறின காலத்திலேயே காப்பி இலைக்கு அடியில் மஞ்சள் தூள் படிய ஆரம்பித்திருந்தது உனக்குத் தெரியும். அடுத்த வருஷம் கலகெதர மலையில் ஐயா வேலை பார்த்த தோட்டம் முழுவதும் அந்த நோயில் மொட்டையாகிவிட்டது. துரை சீமைக்குப் போக முடிவு செய்து பங்களாச் சாமானை எல்லாம் ஏலத்தில் விட்டார். வந்தவர்கள் கதிரை, அலுமாரி, பீங்கான் என்று எடுத்தார்கள், உன் ஐயா படம் பிடிக்கிற பெட்டியை எடுத்தார். ஒன்பது வருஷம் துரைக்கு அந்தப் பெட்டியையும் தகடு கழுவுகிற இருட்டுக் கூடாரத்தையும் மலை மலையாகச் சுமந்து, மருந்து ஊற்றிக் கொடுத்து, கண்ணாடி கழுவிக் கொடுத்தவர் அல்லவா, துரை செய்வது எல்லாம் அவருக்குக் கைப்பாடம். வடிவு கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த நகையைக் கேட்கக்கூட இல்லை, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கண்டிக்குப் போய் ஒரு அறை எடுப்போம், பெரஹரா ஊர்வலம் பார்க்க வருகிற சனத்தில் நூற்றுக்கு ஒருத்தர் படத்துக்கு உட்கார்ந்தாலும் போதும், மகனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றார். உன்னைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்ற ஒரு சொல்லுக்குத்தான் நான் கொடுத்தேன் சுண்டு, வேறு எதற்கும் இல்லை.

ஹாஷிம் நானா என்று ஒரு நல்ல மனுஷர், பெரிய வீதியில் புடவைக்கடை வைத்திருக்கிறார், கடைக்குப் பின்னால் இருக்கிற அறையை எங்களுக்கு விட்டார். சித்தி றலியா என்பது அவர் மனைவி பெயர். பெட்டியை முக்காலியில் நிறுத்தின அன்றே நானா வந்து பார்த்துவிட்டு ஐயாவிடம், ராமையா, குதிரை வாங்கிட்டீங்க, புல்லுச் செலவு இல்ல, மூணு காலும் நொண்டாமப் பாத்துக்கங்க என்று சிரித்தார். ஐயா கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதைப் பார்த்து சித்தி றலியா, எங்கட ஊட்டுப் பொம்புளைகளும் இந்தளவுக்கு முக்காடு போடுறல்லயே அண்ணே என்றாள், வடிவு சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குச் சோதனையாக ஐயா கொல்லைப்புறத்துக் கல்படியையும் அதில் படுத்திருந்த நானாவின் ஆட்டையும் பிடித்தார். வந்தது அப்பா, அவ்வளவு துல்லியமாக வந்தது, ஆட்டின் தாடி மயிரைக்கூட எண்ணலாம். வடிவை நாளைக் கழித்துப் பிடிப்போம் என்றார், ஏனென்றால் மறுநாள் சரஸ்வதி பூசை.

சரஸ்வதி பூசை அன்று தொழில் சாமானைத் தொடாமல் படைத்துவைப்பது நம் வழக்கம்தானே. நான் அரிவாள்மணை, உரல், படி, ஐயாவின் பெட்டி, முக்காலி, போத்தல்கள் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பிப் பொட்டு வைத்தேன். ஐயா ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தார். அந்தப் போத்தல்களில் ஒன்றில் வெள்ளியைக் கரைத்த மருந்து இருந்தது, பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும், விரலில் பட்டால் கறுத்துவிடும். கண்ணாடித் தகட்டை அதில் முக்கித்தான் படம் பிடிக்க வேண்டும், அதுதான் உயிர், அதை ஒருத்தரும் தொடக்கூடாது என்று ஐயா சொல்லியிருந்தார். நான் தொடவில்லை. மூடியைத் திறந்து, கிணற்றுத் தண்ணீரில் கரைத்த மஞ்சளை மாவிலையால் எல்லாவற்றுக்கும் தெளித்த மாதிரி அதற்குள்ளும் மூன்று தரம் தெளித்தேன். உயிர் அதுதான் என்றால் அதற்குத்தானே முதலில் தெளிக்க வேண்டும் என்று நினைத்தேன். தெளித்த உடனே உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பால் திரண்ட மாதிரி சுருண்டு வந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. தாயே ஏற்றுக்கொண்டாய் என்று விழுந்து கும்பிட்டேன். மூடிவிட்டேன். ஐயா பார்த்தபோது அந்த வெள்ளை எல்லாம் அடியில் தங்கி மேலே பழையபடி தெளிவாகத்தான் இருந்தது, துரை காலத்துக் கசடு என்று நினைத்து மெல்லத் தெளிய வடித்துக்கொண்டார். நானும் ஒன்றும் சொல்லவில்லை, மறைக்க வேண்டும் என்று இல்லை, சாமிக்குச் செய்ததைச் சொல்லிக் காட்டக்கூடாது என்று.

அடுத்த நாளிலிருந்து ஒரு தகடு கூடத் தேறவில்லை. ஓலைப்புகை அப்பின மாதிரி முழுக்கக் கறுத்து வரும். வடிவுதான் ஒவ்வொரு தரமும் உட்காருவாள். கழுத்துக்குப் பின்னால் அசையாமல் இருக்க இரும்புக் கவை ஒன்று வைப்பார், இருபது எண்ணும் வரை கண் இமைக்கக் கூடாது. அண்ணனுக்குன்னா மூச்சு கூட விட மாட்டேன் பாருங்க என்பாள். ஐயா கூடாரத்துக்குள்ளே கழுவும்போது வெளியே நின்று, ஐயா, நான் வந்துட்டேனா என்று கேட்பாள். பாதி வந்துட்டே தாயி, மீதி நாளைக்கு வருவே என்பார். நீ போகும்போது பாவாடையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓடின பிள்ளையைத்தான் நீ பார்த்தாய். இந்த மூன்று வருஷத்தில் அவள் முகம் எப்படித் திரும்பிவிட்டது தெரியுமா, தாடை நீண்டு, கண் பெரிதாகி, உன் அப்பாயியின் சாயல் வந்துவிட்டது. அந்த முகத்தை நீ பார்க்கவே இல்லை.

ஐயாவுக்குப் பெட்டியின் கண்ணாடிக் கண் மேல் சந்தேகம். ஆடு வந்தது குருட்டு அதிர்ஷ்டம், துரை நல்ல கண்ணை மாற்றிக்கொண்டு பழுதை ஏலத்தில் விட்டுவிட்டான் என்று திட்டினார். பிலிமத்தலாவையில் இன்னொரு தோட்டத்துச் சாமான் ஏலம் போகிறது என்று கேள்விப்பட்டு நடந்தே போய் வேறு கண் வாங்கி வந்தார், பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி துண்டில் பொதிந்து கொண்டுவந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சணம். பிறகு பெட்டியின் தோல் மடிப்பில் வெளிச்சம் ஒழுகுகிறது என்று புதுத் தோல், பிறகு கூடாரத் துணி மெலிசு என்று வேறு துணி. ஒவ்வொன்றையும் வாங்கும்போது இதுதான் கடைசி, இது வந்தால் சரியாகிவிடும் என்பார். வந்தது, சரியாகவில்லை. ஆடி பெரஹராவுக்குக் கடுகண்ணாவையிலிருந்து ஒரு கிழவனும் கிழவியும் அலுமாரியில் இருந்த நல்ல துணியை எல்லாம் உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள், பொழுது சாயும் வரை காத்திருந்து ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார்கள். அவர்கள் திட்டியிருந்தால் உன் ஐயாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அதற்குப் பிறகு காப்பிக் கிட்டங்கியில் மூட்டை தூக்கப் போனார், பெட்டி மூலைக்குப் போனது.

வடிவு போன அன்றைக்கு அந்தப் பெட்டியை மறுபடி எடுத்தார். நானா பாடைக்கு மூங்கில் வாங்கப் போயிருந்தார், அறையில் நாங்கள் இரண்டு பேரும் அவளும்தான். நான் வேண்டாம் என்று சொல்லுவேன் என்று நினைத்தாரோ என்னவோ என் முகத்தைப் பார்க்காமலே, இப்ப அசைய மாட்டா புள்ள, இப்ப வந்துரும் என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்தான் அவளைத் தூக்கிச் சுவரோடு சாய்த்து, தலை சாயாமல் பின்னால் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இருபது எண்ணினார். கூடாரத்துக்குள்ளே போனார். வெகுநேரம் கழித்துத் தகட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார், அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, முழுக்கக் கறுப்பு.

மார்கழியில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், படம் பிடிக்கிற தொழிலே செய்கிறவர், பழைய சாமான் வாங்க வந்தார். பெட்டி, கண், போத்தல் எல்லாவற்றையும் பார்த்தார். பெட்டியில ஒரு பிழையுமில்லை, முதல் கண்ணும் திறம் கண் என்றார். பிறகு வெள்ளி மருந்தை வெளிச்சத்தில் பிடித்து ஆட்டி, முகர்ந்து பார்த்து, இதுக்குள்ள ஆர் கிணத்துத் தண்ணி விட்டது என்று கேட்டார். ஒரு துளி காணும், முழுப் போத்தலும் பழுதாப் போகும், இதைக் கொட்டிப்போட்டுப் புதுசு விட்டிருந்தா எல்லாப் படமும் வந்திருக்கும் என்றார். உன் ஐயா, எங்க வீட்டுல அதைத் தொடுற கை கிடையாதுங்க, என் சம்சாரம் அதோட நிழலைக்கூட மிதிக்க மாட்டா என்று சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் அரிசி புடைத்துக்கொண்டு இருந்தேன். சுளகு என் கையில் அப்படியே நின்றுவிட்டது. அவர் போன பிறகு புடைத்த அரிசியையே மறுபடி புடைத்தேன் சுண்டு.

அன்று முதல் ஐயா துரையைத் திட்டுவதை விட்டுவிட்டார். இப்போது தன்னையே திட்டுகிறார். ஒன்பது வருஷம் பார்த்தவனுக்கு மருந்தை மாத்திப் பாக்கணும்னு புத்தி வரலையே, கண்ட இடத்துல கண்ணை வாங்கினேனே தவிர மருந்தை நெனைக்கலையே, மகள் முகத்தை அழிச்சவன் நான் என்று நெற்றியில் அடித்துக்கொள்கிறார். கிட்டங்கிக்கும் போவதில்லை. காப்பியைப் பிடுங்கிவிட்டுக் காய்ச்சல் மருந்துக்கு என்று கொயினா மரமும் ஏதோ தேயிலையும் வைக்கிற தோட்டங்களில் ஆள் கேட்கிறார்கள், கூப்பிட்டால் எழுந்திருப்பதில்லை. சோற்றை நான் பிசைந்து வைத்தால் இரண்டு வாய். இப்படியே போனால் இவரையும் நான் அடுத்த ஐப்பசி வரை உயிரோடு இருக்க விடமாட்டேன் போலிருக்கிறது. நான் தெளித்ததுதான் என்று சொன்னால் அவர் மேல் இருக்கிற பாரம் இறங்கும். ஆனால் அந்தப் பாரம் என் மேல் வரும்போது அவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்று நினைத்து எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன். சித்தி றலியாவிடம் மட்டும் சொன்னேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, நீங்க நஞ்சையா ஊத்தினீங்க, தொவா கேட்டுத்தானே ஊத்தினீங்க என்றாள், தொவா என்றால் அவர்கள் வேண்டுதல். அவள் நல்லவள், அதனால் அப்படிச் சொல்லுகிறாள். அவளுக்கு இது ஏழாம் மாதம், கால் வீங்கியிருக்கிறது, அதோடு எனக்குக் கஞ்சி காய்ச்சித் தருகிறாள்.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். உன் பதில் எப்போதும் போல ஐயா கையில்தான் முதலில் கிடைக்கும், தபால் கந்தோருக்குப் போகிறது அவர் ஒருவர்தான், உன் எழுத்தைக் கண்டால் அங்கேயே பிரித்துப் படித்துவிடுவார். நீ என்ன எழுதினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் நான் என் வாயால் சொல்லியாக வேண்டும். இதை நானாவின் கடை ஆள் தபாலில் போட்டுவிட்டு வந்து சொன்ன உடனே வீட்டுக்குப் போய் ஐயா முன்னால் உட்கார்ந்து சொல்லிவிடுவேன். போட்ட கடிதத்தைத் திரும்ப எடுக்க முடியாது, அந்தத் தைரியத்துக்காகத்தான் உனக்கு முதலில் எழுதினேன். என்னைத் திட்ட வேண்டும் என்று தோன்றினால் திட்டி எழுது, ஐயாவைத் திட்டாதே.

தங்கச்சியை நினைத்துப் பட்டினி கிடக்காதே. அங்கே வெயில் அதிகம் என்கிறார்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. கூட இருக்கிறவர்களிடம் அழுதுவிட்டு வேலைக்குப் போ, அடக்கிக்கொண்டு போகாதே. அவள் பெயரில் ஒரு விளக்கு ஏற்று. நகைக்காக நீ உழைத்து அனுப்ப வேண்டாம், போட இப்போது ஆள் இல்லை. பதிலை ஐயா பெயருக்கே எழுது, மறந்துவிடாதே. நீ போகிற வழியெல்லாம் முருகன் முன்னால் நடக்கட்டும், நூறு வயது இரு, நான் கும்பிட்டதில் ஒன்றாவது உன் விஷயத்தில் பலிக்கட்டும்.

உன் அம்மா,
பாலம்மா

இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிறபோது நான் சொல்லி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். நீ இதைப் படித்துக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில் உன் ஐயா என்னோடு பேசிக்கொண்டிருக்கிறாரா சுண்டு?