குடோனில் கூட்டி அள்ளியது

போடிநாயக்கனூர்,
18-10-2024.

அன்புள்ள அமுதவள்ளிக்கு,

பாண்டியராஜன் எழுதுவது. நான் சுகம். அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்றாய். காதை மூடிக்கொண்டு வெளியே போ. போனில் எதைக் கேட்டாலும் சரி, சரி என்று சொல்லி வைத்துவிடுகிறேன் என்று கோபித்துக்கொண்டாய். எனக்குப் போனில் பேச வராது. அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதி, உனக்கு அனுப்பும் மூட்டைக்குள் வைக்கிறேன்.

இங்கே விட்டு விட்டு மழை. போடிமெட்டுப் பாதையில் பாறை உருண்டு இரண்டு நாள் ஜீப்பு ஓடவில்லை. இப்போது ஏலக்காய் வருகிறது. தேவாரத்தில் என் தங்கை தேவியின் தோப்பில் யானை இறங்கி ஆறு தென்னையைச் சாய்த்துவிட்டது. அவள் அழுகிறாள், மாப்பிள்ளை யானையைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

மூட்டை தாமதமானதற்குக் காரணம் என் அவசரம். உன் கண்காட்சித் தரையில் கொட்ட, நம் ஏலக்காய் குடோனில் கூட்டி அள்ளுவதை அப்படியே அனுப்பச் சொன்னாய். நான் காய் பொறுக்கும் பெண்களில் மூத்த ஆயம்மாளிடம், இது ஜெர்மனிக்குப் போகிறது, கண்காட்சியில் வைக்கப்போகிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஏலத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் மூட்டை சப்பென்று கிடக்கிறது. பெண்கள் எல்லோரும் மதியச் சோற்றைக்கூட ஒதுக்கிவைத்துவிட்டு அந்தக் குப்பையைச் சுளகில் புடைத்து, காம்பு, தூசி, பூச்சி துளைத்த காய் எல்லாவற்றையும் உரக்குழியில் கொட்டியிருக்கிறார்கள். மிச்சம் இரண்டு படி பச்சைக் காய். வெளிநாட்டுக்காரன் பாக்குற சரக்குல தூசியும் தும்புமா கெடந்தா நம்ம கைய எவன் மதிப்பான் என்று ஆயம்மாள் என்னையே கேட்டார். ஒரு காம்பு கிடந்தாலும் இருபது வருஷமாக அவர்களைச் சத்தம் போட்டவன் நான். 

உன் வேலை என்ன என்று விளக்கப் பார்த்தேன். வீடியோ எடுப்பாள், ஆனால் சினிமா இல்லை. இருட்டு அறையில் சுவரில் ஓடவிட்டு, தரையில் எதையாவது கொட்டி வைப்பாள், ஜனங்கள் சுற்றி நடந்து பார்ப்பார்கள் என்றேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. கொச்சியில் உன் முதல் கண்காட்சியில், படம் எப்போது ஆரம்பிக்கும் என்று வாசலில் நின்றவரிடம் நாற்பது நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தவன்தானே நான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தேவி கல்யாணத்துக்கு நீ ஸ்டுடியோவிலிருந்து வீடியோ எடுக்க வந்தாய். தாலி கட்டியது மூன்று நிமிஷம், மண்டபத்துக்குப் பின்னால் பெண்கள் அண்டா கழுவியது பதினொரு நிமிஷம். அப்பா கொதித்துப்போய் சிடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. அந்தப் பதினொரு நிமிஷத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அதற்குப் பிறகுதான் உன்னைப் பெண் கேட்டு வந்தேன்.

வாயால சொல்லாதீக தம்பி, போட்டுக் காட்டுங்க என்றார் ஆயம்மாள். நம் குடோனில் நீ எடுத்த வீடியோவை ஆபீஸ் டிவியில் போட்டேன். எல்லோரும் கீழே உட்கார்ந்து பார்த்தார்கள். முகமே இல்லை, காய் பொறுக்கும் கைகள் மட்டும். பெயர் தெரியாத கைகள் என்று பத்திரிகையில் எழுதினார்களே, இங்கே பத்தே நிமிஷத்தில் ஒவ்வொரு கைக்கும் பெயர் சொல்லிவிட்டார்கள். வளையல ஏத்தி விட்டிருக்கா பாரு, இது இருளம்மா என்று ஒரே சிரிப்பு. ஓரத்திலிருந்து ஒரு கை அடிக்கடி வந்து, நிறைந்த சுளகை எடுத்துக்கொண்டு போகிறது. யாரோ வேலையாள் என்றே நினைத்திருந்தேன். ஆயம்மாள்தான், சுண்டுவெரலு மடங்காம நிக்குது பாருங்கடி, இது நம்ம தம்பி கைதான, வருது, எடுக்குது, போகுது என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த வீடியோவை அதற்கு முன்பே மூன்று தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவை உன் பக்கத்தில் உட்கார்ந்து. அது என் கை என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தது. அந்தச் சரி, சரி எல்லாம் அதனால்தான். பிறகு தனியாகப் போட்டுப் பார்த்தேன். பதினான்கு தடவை அந்தக் கை வருகிறது. ஒரு தடவைகூட எதையும் கொண்டுவந்து வைக்கவில்லை. சென்னைக் கல்லூரியில் உனக்கு இடம் கிடைத்தபோது, காய் சீசன் முடியட்டும் என்றேன். அடுத்த வருஷமும் அதையே சொன்னேன். நீ போனது நான்கு வருஷம் கழித்து. அந்த நான்கு வருஷத்தை எடுத்தது நான்தான்.

அங்கேயே இன்னும் இரண்டு வருஷம் இருந்து வேலை செய்யச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், நீயே சொல் என்று கேட்டாய். எனக்கு நீ இங்கே இருக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கவில்லை, வைக்கத் தெரிந்ததும் ரசம் ஒன்றுதான். ஆனாலும் கையெழுத்துப் போடு. சீசனைப் பற்றி இந்தத் தடவை நான் பேசப்போவதில்லை.

மூட்டையில் இருப்பதை இன்று காலை பெண்கள் வருவதற்கு முன் நானே கூட்டி அள்ளினேன். காம்பு, தூசி, பூக் கட்டிய நார், உடைந்த வளையல் துண்டு எல்லாம் அப்படியே இருக்கின்றன. விளக்குமாறோடு என்னைப் பார்த்த ஆயம்மாள், அந்த மூலைய விட்டுட்டீகளே தம்பி என்று மட்டும் சொன்னார். அனுப்புவதற்கான சான்றிதழுக்கெல்லாம் ஏற்பாடு செய்தாகிவிட்டது, விமானத்தில் ஒரு வாரத்தில் உன் கைக்கு வந்துவிடும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எப்போது வந்தாலும் கேமராவைக் கொண்டு வா. அந்தக் கை எதையாவது கொண்டுவந்து உன் முன்னால் வைப்பதையும் ஒரு தடவை எடுத்துக்கொள். ஒரு டம்ளர் டீயாக இருந்தாலும் போதும்.

நல்லபடியாக இரு. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன்
பாண்டியராஜன்