கதிரை இழுபடும் சத்தம்

மச்சான்,

புதுப் பொம்மையின் பிளாஸ்ரிக் மணம் இன்னும் என் விரல்களில் இருக்கிறது. இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. மூன்றாம் தரம் கழுவ எனக்கு மனமுமில்லை. நீ இருக்கும்போதே ரொறன்ரோவிலிருந்து உன் அக்கா கப்பலில் போட்டுவிட்ட பொதி, நீ போய் மூன்று மாதம் கழித்து உன் பெயருக்கு வந்து சேர்ந்தது. நீ ஆசைப்பட்டுச் சொல்லிவைத்த பொம்மைதான், விண்வெளிப் படத்தில் வரும் அந்தக் கிழட்டுத் தளபதி. திறக்காமல் வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று உன் மனைவி தொலைபேசியில் சொன்னார். இன்று காலை வழமைபோல இணுவிலிலிருந்து கோப்பாய்க்கு, உன் வீட்டுக்கு வெளிக்கிட்டேன்.

நாற்பது தாண்டிய இரண்டு ஆம்பிளைகள் ஞாயிறு காலையில் உட்கார்ந்து படப் பொம்மைகளுக்குப் புள்ளி போடுகிறார்கள் என்று கோப்பாயில் சிரிக்காத ஆட்கள் குறைவு. நாங்கள் அதற்கெல்லாம் மசியவில்லை. பொம்மையைப் பெட்டியிலிருந்து எடுத்தால் யாரும் வாய் திறக்கக் கூடாது. நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் உனக்கொன்று, எனக்கொன்று. வார்ப்புக்குப் பத்து, பூச்சுக்குப் பத்து. இருவரும் எழுதி மடித்துவைத்த பிறகுதான் கதை, சண்டை எல்லாம்.

நான் ஸ்ரூடியோவில் கலியாணப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, மூடியிருக்கும் கண்களைத் திறந்துவைக்கிறவன். பொம்மையின் கருவிழி ஒரு மயிரளவு தள்ளியிருந்தாலும் எனக்குப் பிடிபடும். உதட்டுச் சிவப்பு எல்லை தாண்டினால் பிடிபடும். நீ வெங்காயத் தோட்டக்காரன். இடதுகைச் சின்னவிரல் நகத்தை இதற்கென்றே வெட்டாமல் வைத்திருந்தாய். அதைப் பொம்மையின் காதுக்குப் பின்னால், கக்கத்தில், பிடரியில் ஓட்டுவாய். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தைச் சரியாக அராவாமல் விட்டிருந்தால் நகம் தடக்கும். "முகத்தை எல்லாரும் வடிவாத்தான் செய்வாங்கள், பிடரியைப் பார்" என்பாய். வார்ப்பில் நீ கெட்டிக்காரன், பூச்சில் நான். இதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

கடைசி இரண்டு வருடமும் பூச்சுக்கு நீ போட்ட புள்ளியும் நான் போட்டதும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. ஒருவழியாக என் வழிக்கு வந்துவிட்டாய் என்று கண்டவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். பெட்டியை எப்போதும் என்னையே திறக்கச் சொன்னாய், கையில் வெங்காயம் மணக்கிறது என்றாய். மோட்டார் சைக்கிளை மச்சினனுக்குக் கொடுத்துவிட்டு, நடந்தால் சீனி குறையும், சலரோகத்துக்கு நல்லது என்றாய். நீ எழுதும் இலக்கங்கள் தாளையே நிறைக்கும் அளவுக்குப் பெருத்தன. பாலர் வகுப்புப் பிள்ளை எழுதுகிற மாதிரி இருக்கிறது என்று நான் பகிடி பண்ண, நீயும் சேர்ந்து சிரித்தாய்.

பிறகு அந்த வாள்காரி வந்தாள். ஒன்றரை வருடம் தேடி, நான் தவம் கிடந்து எடுப்பித்த பொம்மை. வார்ப்பு ஒன்பது, பூச்சு ஒன்பது என்று எழுதினேன். உன் தாளை விரித்தால் ஐந்தும் ஆறும். "தாடை ரெண்டாப் பிறந்திருக்கு மச்சான். பூச்சும் திறமில்லை" என்றாய். உனக்குப் பொறாமை என்றேன். வெங்காயம் கிண்டுகிறவனுக்குப் பூச்சைப் பற்றி என்ன தெரியும் என்றும் கேட்டுவிட்டு, பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று ஞாயிறு உன் வீட்டுப் பக்கம் தலை காட்டவில்லை. நாலாம் ஞாயிறு நீயே பஸ் ஏறி வந்து என் வாசலில் நின்று, "அடுத்த பெட்டி வந்திட்டுது, வா" என்றாய். உன் மனைவி உன் கையைப் பிடித்தபடி நின்றார். அது ஏன் என்றுகூட நான் யோசிக்கவில்லை.

மாரடைப்பு வந்து நீ போனாய். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு உன் மனைவி என்னை மறித்துச் சொன்னார்.

"அண்ணை, அவருக்கு ரெண்டு வருசமாக் கண் தெரியேல்லை. சலரோகம் கண்ணிலை இறங்கிட்டுது. எல்லாம் பனிப்புகார் மூடின மாதிரித்தான் தெரிஞ்சது. உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர். தெரிஞ்சா உவன் என்னைப் பாவம் பார்ப்பான், பேந்து சண்டை பிடிக்கமாட்டான் எண்டவர்."

அப்படியென்றால் பூச்சுக்கு எப்படிப் புள்ளி போட்டான் என்று கேட்டேன். அவ்வளவு அழுகைக்குள்ளும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்கள் நாக்காலை 'ம்ச்' எண்டா ஆறு. பேசாமல் இருந்தா எட்டு. பொம்மையைக் கீழை வைச்சிட்டுத் தண்ணி கேட்டா நாலு. இருந்த கதிரையை வெளிச்சத்துக்கு யன்னலடிக்கு இழுத்தா ஒன்பது."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு வருடம் என்னை முட்டாளாக்கிவிட்டாய் என்று கறுவிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வழியிலேயே கோபம் போய் வெட்கம் வந்தது. ஊரார் கண்ணையெல்லாம் பெரிதாக்கிப் பார்க்கிறவன், எதிரே இருந்த உன் கண்ணைப் பார்க்கவில்லையே.

அன்றே வாள்காரியைக் கையில் எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு நகத்தை ஓட்டினேன். காதடியில் தொடங்கி நாடி வரைக்கும் ஒரு கோடு. தோல்நிறத்தைத் தடிப்பாய் அப்பி மறைத்திருந்தார்கள். தாடை இரண்டாய்த்தான் பிறந்திருந்தது. கண்ணைத் திறந்து வெளிச்சத்தில் உதட்டைப் பார்த்தேன். இடது மூலையில் சிவப்பு வழிந்திருந்தது. பெட்டியைத் திறந்த அன்றே நான் அதைக் கண்டிருக்கிறேன், 'ம்ச்' என்றும் இருக்கிறேன். ஆனால் ஆசை பிடித்த கை ஒன்பது என்று எழுதிவிட்டது. நீ காதால் கேட்டதை எழுதினாய். என் கண்ணை என்னைவிட நீதான் நம்பியிருக்கிறாய், மச்சான். என் தாளில் இருந்த இரண்டு ஒன்பதையும் வெட்டிவிட்டு உன் ஐந்தையும் ஆறையும் எழுதினேன். புள்ளியைத் திருத்தலாம். நான் வராமல் விட்ட அந்த மூன்று ஞாயிறையும் எப்படித் திருத்துவது?

இன்று உன் முன்னறையில் எல்லாம் பழையபடியே இருந்தன. நாட்காட்டியில் இரண்டு தாள் கிழித்து மேசையில் வைத்துவிட்டு உன் மனைவி குசினிக்குள் போய்விட்டார். நான் பெட்டியைத் திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். இப்போது என் முறை அதுதான், முதலில் நகம், பிறகுதான் கண். என் சின்னவிரல் நகமும் வளர்ந்துவிட்டது. ஸ்ரூடியோவில் ஏனென்று கேட்கிறவர்களுக்கு நான் காரணம் சொல்வதில்லை. தளபதியின் பிடரி சுத்தம். கக்கம் சுத்தம். இடது காதுக்குப் பின்னால் மட்டும் ஒரு சின்னத் தடக்கு. வார்ப்பு எட்டு. நீயும் எட்டுத்தான் போட்டிருப்பாய், இதில் யாரோடும் வாதாட நான் தயார்.

பிறகு கண்ணைத் திறந்தேன். நரைத்த தாடியில் வெள்ளைக்குக் கீழே பழைய கறுப்பு மெல்லிசாய்த் தெரிந்தது. கருவிழி இரண்டும் ஒரே இடத்தைப் பார்த்தன. கீழிமையில் ஈரம் கசிந்த மாதிரி ஒரு மினுக்கம், அதுவும் அளவோடு. பூசியவன் யாரோ, அவன் கை நல்லாயிருக்க வேண்டும். என்னை அறியாமலே நான் எழும்பிக் கதிரையை யன்னலடிக்கு இழுத்தேன். சீமெந்து நிலத்தில் அது பெரிதாய்க் கிறீச்சிட்டது.

குசினிக்குள் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"ஒன்பதோ, அண்ணை?"

"ஓம்" என்றேன். உன் தாளை எடுத்து, நீ எழுதுகிற மாதிரியே தாள் நிறையப் பெரிதாய், ஒன்பது என்று எழுதினேன்.