நீ சொன்ன அளவும் குழந்தை எடுத்த அளவும்

அன்பு மகளுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் வலி மட்டும் மழைக்கு மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் எப்படி என்று போனில் கேட்டால், நல்லாத்தாம்மா இருக்கேன், வேலை கிடக்கு, வைக்கட்டுமா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்ற கை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேட்ட நீலச் சட்டையை நீ சொன்ன அளவுக்கே தைத்து அனுப்பினேன், மார்பு நாற்பத்திநாலு, இடுப்பு நாற்பத்திரண்டு. வைத்தியத்தில் ஐம்பது கிலோ எடை குறைந்தவளுக்கு இந்த அளவா என்று வெட்டும்போதே கை தயங்கியது, தையல்காரி பெற்ற பெண் டேப் வைக்காமலா சொல்லியிருப்பாள் என்று வெட்டிவிட்டேன். பார்சல் வந்த அன்றைக்குப் பேத்தி கூப்பிட்டு, பாட்டி, இதுக்குள்ள அம்மாவும் நானும் சேந்தே நுழையலாம், அப்பா வந்தாக்கூட இடம் இருக்கு என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி டேப்பைச் சுத்திப் பாரு செல்லம் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன், அவளைத் திட்டாதே. இடுப்பு இருபத்தாறு என்றாள். அடியே, சென்டிமீட்டர் பக்கமா இஞ்சுப் பக்கமா சரியாப் பாரு என்றால், இஞ்சுதான், மூணு தடவை பாத்துட்டேன், எனக்குப் படிக்கத் தெரியாதா என்று கோபம் வருகிறது மகாராணிக்கு. ஒன்பது வயதில் என்ன சுத்தமாக அளவெடுக்கிறாள், அந்தப் பெருமையைக்கூட அனுபவிக்க முடியாமல் போனை உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். உன்னைக் கேட்டதற்கு, டேப்பைத் தொடவே பயமா இருக்கும்மா, கண்ணாடியில அவ்ளோ பெருசாத்தான் தெரியுது, அதைத்தான் சொன்னேன் என்றாய். கையிலயும் வயித்துலயும் தொங்குதே, இன்னும் அஞ்சு கிலோ போனாச் சரியாயிடும் என்றும் சொன்னாய். அன்றிலிருந்து எனக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை.

அது வெறும் தோல், மகளே. பெரிய உடம்பு சின்னதானால் தோல் தொங்கத்தான் செய்யும், பட்டினி கிடந்தால் அது போகாது, நீதான் போய்விடுவாய். ஆபீஸில் நாற்காலியை விட்டு எழுந்தபோது தலை சுற்றி அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாயாமே, மாப்பிள்ளை சொன்னார், அவர்மேல் பாயாதே, பயந்துபோய்ச் சொன்னார். தப்பு என்மேலும் இருக்கிறது. சின்ன வயதில் உனக்கு அளவெடுக்கும்போதெல்லாம், முழுச் சுருள் துணியும் இவளுக்கே பத்தாது என்று கடைக்கு வந்தவர்கள் முன்னால் கேலி செய்தேன், நீயும் சேர்ந்து சிரித்தாய், சிரிக்கிறாளே என்று நானும் விடாமல் சொன்னேன். உன் உடம்புக் கொழுப்பைவிட என் வாய்க்கொழுப்புதான் அதிகம். அம்மாவை மன்னித்துவிடு.

இதையெல்லாம் எழுதாமல் மனசுக்குள் வைத்திருப்பேன். ஆனால் இன்றைக்குப் பேத்தி ரகசியமாகக் கூப்பிட்டாள், எனக்குத் தைக்கிற கவுனை இடுப்புல நல்லாப் பிடிச்சுத் தைங்க பாட்டி, மத்தியானம் டிபன் டப்பாவைத் தொறக்கிறதே இல்ல, அப்படியே ஃப்ரெண்டுக்குக் குடுத்துடறேன், அம்மாகிட்ட சொல்லாதீங்க என்கிறாள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, போனை வைத்த கையோடு இதை எழுத உட்கார்ந்தேன். எடை குறைக்க வைத்தியம் பார்த்த டாக்டரிடமே இந்த வாரத்துக்குள் போ, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொள், கண்ணாடியில் தெரிவதை ஒளிக்காமல் சொல், அவர் சிரிக்கமாட்டார். பிடித்துத் தைக்கமாட்டேன் என்று பேத்தியிடம் சொன்னதற்கு, அம்மா மட்டும் சாப்பிடாம இருக்கலாமா, நான் இருக்கக்கூடாதா என்று கேட்டாள். அவளை எதிரில் உட்கார வைத்து, நீ சாப்பிட்டுக்கொண்டே பதில் சொல்.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், அதற்குமேல் எனக்கு ஒரு வேண்டுதலும் இல்லை. டாக்டரிடம் வெறும் வயிற்றோடு போகாதே.

பயந்துபோயிருக்கும் உன்
அம்மா