மெஹ்ஜபீனின் ஒரு வருஷம்

9 ஜூன் 2024, ஞாயிறு

அறக்கட்டளைக்காக இன்று கீழ்பென்னாத்தூரில் இரண்டு வீடுகள் பார்த்தேன். பத்தாவது முடித்த ஏழைப் பிள்ளைகள் பிளஸ் டூ வரை நிற்காமல் படிக்க மாதாமாதம் தருகிற உதவித்தொகை. ஒரே இடம்தான் மிச்சம்.

முதல் வீடு வல்லரசு. அப்பா இல்லை. அம்மா வேர்க்கடலைக் கொல்லையில் கூலி.

இரண்டாவது மெஹ்ஜபீன். மதிப்பெண் இவளுக்குத்தான் அதிகம். அப்பா மக்பூல் வேன்களுக்கு சீட் தைப்பவர், பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டதாக விண்ணப்பத்தில் இருந்தது. உள்ளே படுத்திருக்கிறார் என்றார்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கூடத்தில் இரண்டு கதவு ஃப்ரிட்ஜ், புத்தம் புதிது. எங்கள் வீட்டில்கூட அப்படி இல்லை. டீ வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

படிவத்தில் எழுதினேன்: வசதியுள்ள குடும்பம். உதவி அவசியமில்லை.

16 ஜூன்

அறக்கட்டளைச் செயலாளர் பிரசாத் போன் செய்தார். "அந்தப் பொண்ணு நல்ல மார்க் எடுத்திருக்கே. சரியா பாத்தீங்களா மேடம்?"

"பாத்துட்டுதான் சார் எழுதினேன்."

வல்லரசு தேர்வானான்.

20 நவம்பர்

இன்சூரன்ஸ் வேலையாகத் திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதிக்குப் போனேன். கார்த்திகை தீபத்துக்கு வருகிறவர்களுக்காக அறைகளைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். அழுக்கு விரிப்புகளை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். என்னைப் பார்த்து ஒதுங்கி நின்றாள்.

மெஹ்ஜபீன்.

"ஸ்கூல் லீவா?"

"நின்னுட்டேன் மேடம். ஜூலையிலயே."

ஃபீஸ் இல்லாத பள்ளிக்கூடம்தானே என்றேன். கேட்க எனக்கு வாய் கூசவில்லை.

"ஃபீஸ் இல்லதான் மேடம். அப்பாவால முடியல. வீட்ல ஒருத்தராவது வேலைக்குப் போகணும் இல்லீங்களா?"

ஃப்ரிட்ஜைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அதுவா? வீட்டு ஓனரோடது. அவங்க வீடு கட்டி முடிக்கிற வரைக்கும் எங்ககிட்ட வெச்சிருந்தாங்க. எடுத்துட்டுப் போய்ட்டாங்க."

ஏன் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை.

21 நவம்பர்

ஆபீஸில் ஒரு வேலையும் ஓடவில்லை. நானே உதவித்தொகையில் படித்தவள். எனக்குக் கொடுத்தவர்கள் எங்கள் வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை. தலைமையாசிரியை எழுதிக் கொடுத்ததை நம்பினார்கள். அவ்வளவுதான். நான் மட்டும் ஏன் - அறிவு இருந்துச்சா எனக்கு? ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன கொறைஞ்சு போயிருப்பேன்?

24 நவம்பர், ஞாயிறு

அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா பீபி ஜானிடம் சொல்லிவிட்டேன், நான் எழுதியதால்தான் கிடைக்கவில்லை என்று. கத்துவார் என்று நினைத்தேன். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையையே பார்த்தார்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்போமே மேடம்."

உள்ளே மக்பூல் பாய் படுத்திருந்தார். அன்று நான் எட்டிக்கூடப் பார்க்காத அறை. இடது கையைத் தூக்கி சலாம் வைத்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மெஹ்ஜபீனிடம், இப்போதே சேர்ந்துவிடு, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"பாதி வருஷம் போய்டுச்சு மேடம். இப்ப போய் உக்காந்தா ஒண்ணும் புரியாது."

25 நவம்பர்

பிரசாத்திடமும் சொன்னேன். அந்தப் படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். பிறகு, "ஜூன்ல பாக்கலாம் மேடம். இந்த வருஷம் போனது போனதுதான்."

2 மார்ச் 2025

வல்லரசின் பள்ளியிலிருந்து அறிக்கை வந்தது. வேலைக்கென்று ஒரு நாள்கூட லீவு போடவில்லை. பணம் வர ஆரம்பித்த பிறகு அவன் அம்மா அவனைக் கொல்லைக்குக் கூப்பிடுவதே இல்லையாம்.

அவனுக்குக் கொடுத்தது தவறில்லை. இதையே எனக்குப் பலமுறை சொல்லிக்கொள்கிறேன். ஆறவில்லை. இரண்டு பேரும் சமமாக நின்று ஒருவரை எடுத்திருந்தால் அது வேறு. ஒருத்தியைப் பற்றி இல்லாததை எழுதித் தள்ளிவிட்டேன்.

25 மே, ஞாயிறு

மெஹ்ஜபீனின் தங்கை தஹ்சீன் பத்தாவது பாஸ். ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்பது அறக்கட்டளையின் விதி. "சின்னவளுக்கே குடுத்துடுங்க, இவதான் வேலைக்குப் பழகிட்டாளே" என்றார் பீபி ஜான். மெஹ்ஜபீன் அதற்கும் சரி என்றாள்.

இன்று கூட்டத்தில் என் போன வருஷப் படிவத்தை நானே எழுந்து வாசித்தேன். இது உண்மையில்லை, விசாரிக்காமல் எழுதினேன் என்றேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

விதியைத் தளர்த்தி இரண்டு பேருக்கும் தர ஒப்புக்கொண்டார்கள்.

11 ஜூன் 2025

பிளஸ் ஒன் வகுப்பு தொடங்கிவிட்டது. தொகைக்கான தாளில் கையெழுத்து வாங்கப் பள்ளிக்குப் போனேன். அக்காவும் தங்கையும் ஒரே வகுப்பு. அக்காவோடு பத்தாவது படித்தவர்கள் இப்போது பிளஸ் டூ. அவர்கள் மாடியேறிப் போகும்வரை மெஹ்ஜபீன் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே குனிந்திருந்தாள்.

என்னைப் பார்த்து வணக்கம் சொன்னாள். சிரிக்கவில்லை.

மணி அடித்தது. தஹ்சீன், "ஆபா, வா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவர்கள் வீட்டில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"கிளாஸ்ல ஆபானு கூப்பிடாத," என்றாள் மெஹ்ஜபீன், மெதுவாக. "பேர் சொல்லு."